மேற்பூச்சும் மெய்ம்மையும்

‘மேற்பூச்சு’ என்னும் சொல் நம் வழக்கிலே பெரும்பாலும் பழிப்புரையாகவே வழங்குகின்றது. ஒருவரது கல்வி மேற்பூச்சு என்றால் அவர் கல்லாதவர் என்பதும், ஒருவரது பரிவு மேற்பூச்சு என்றால் அவர் பரிவற்றவர் என்பதும் கருத்தாகும். உள்ளே இருப்பது மெய், மேலே இருப்பது பொய் என்னும் எண்ணம் இவ்வழக்கின் அடியிலே கிடக்கின்றது. இவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரியானது? மேற்பரப்பை அழகுபடுத்துதல் ஏமாற்றின் ஒரு வகைதானா? மறைத்தல் யாவும் பொய்த்தல் ஆகுமா? இவ்வினாக்களை வெறுஞ் சொல்லாராய்ச்சியால் தீர்க்க முயல்வதிலும், மேற்பூச்சையே தொழிலாகக் கொண்ட கைவினை ஒன்றை உற்றுநோக்கி விடை காண்பது பயன் தரும். கண்ணாடிப் பூச்சு இட்டுச் சுட்டெடுத்த பீங்கானின்மீது வண்ணந் தீட்டும் கலையே ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளும் கைவினை. அது பூச்சின்மேல் இடப்படும் பூச்சு. ஆதலின், மேற்பூச்சின்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டுக்கு முதலில் விடையிறுக்க வேண்டியதும் அதுவே.

முதற்கண் இத்தொழிலின் இயல்பைச் சுருக்கமாக நோக்குவோம். பீங்கானின் உடல் வெண்களி சேர்ந்த கலவையால் ஆனது. அவ்வுடலும் அதன்மேல் இட்ட கண்ணாடிப் பூச்சும் ஒன்றாகி இறுகுவதற்குச் சூளையின் வெப்பம் ஏறத்தாழ 1300 முதல் 1400 பாகை செல்சியசு வரை உயர வேண்டும். இத்தகைய வெப்பத்தைத் தாங்கும் நிறப்பொருள்கள் மிகச் சிலவே. நீலந் தரும் கோபாற்று அவற்றுள் தலையாயது. உலகறிந்த சீனத்து நீலவெண் பாண்டங்களில் நிறம் பூச்சின் கீழே இருப்பது இதனாலேயே இயன்றது. மஞ்சளும் பசுமையும் இளஞ்சிவப்பும் ஒருங்கே வேண்டுமாயின் வேறு வழி தேடவேண்டும். ஈயம் மிகுந்த கண்ணாடியைத் தூளாக்கி, அதனோடு செம்பு, இரும்பு, அந்திமனி முதலியவற்றின் சேர்வைகளைக் கலந்து, எண்ணெயிலோ பசைநீரிலோ குழைத்து, முன்னரே வெந்து பளபளக்கும் பாண்டத்தின்மேல் தீட்டி, ஏறத்தாழ 700 முதல் 850 பாகை வரையான வெப்பத்தில் மீண்டும் சுடுவதே அவ்வழி. கூடிய வெப்பம் வேண்டும் நிறங்கள் முதலிலும் குறைந்த வெப்பம் போதியவை பின்னரும், பொன் இறுதியிலுமாக, ஒரே பாண்டம் பலமுறை சூளை புகுவதுமுண்டு.

இம்முறை ஈரானிலும் வட சீனத்திலும் 12ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வழக்கிலிருந்தது. சீனத்தின் செங்குவா பேரரசர் காலத்தில் (1465–1487), நீலக் கோடுகள் பூச்சின் கீழும் அக்கோடுகளிடையே நிரப்பிய நிறங்கள் பூச்சின் மேலும் அமைந்த நுண்ணிய கிண்ணங்கள் செய்யப்பட்டன. யப்பானின் அரித்தாவில் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கலை வேரூன்றியது. ஐரோப்பாவின் முதல் வன்பீங்கான் தொழிற்சாலை 1710இல் சக்சனி நாட்டு மீசனில் நிறுவப்பட்டது. 1720இல் வியன்னாவிலிருந்து அங்கு வந்து சேர்ந்த யோகான் கிரெகோரியுசு ஹெறோல்ற் என்பார் அத்தொழிற்சாலையின் வண்ணக்கலையை வளர்த்தெடுத்தார். இத்தொழிலில் தூரிகை பிடிப்போரது நிலை தனித்துவமானது. பல நிறங்கள் தீட்டும்போது ஒருவாறும் வெந்தபின் வேறொருவாறும் தோன்றும். ஆகவே, ஓவியர் தாம் காணும் நிறத்தை அன்றி, தீயின் பின் காணப்போகும் நிறத்தை மனத்திற் கொண்டே தீட்டுகின்றார்.

இனி, குற்றச்சாட்டுக்கு வருவோம். அது மிகப் பழையது. பிளேற்றோ தமது ‘கோர்கியாஸ்’ உரையாடலிலே, உடலுக்கு உண்மையான நலந் தருவது உடற்பயிற்சி என்றும், அந்நலம் இருப்பதுபோலக் காட்டுவது ஒப்பனை என்றும் வகுத்து, ஒப்பனையைப் போலிக் கலைகளுள் ஒன்றாக வைத்தார். கட்டடக் கலை பற்றி 1849இல் நூலெழுதிய யோன் றஸ்கின், ஒரு பொருளை வேறொரு பொருளாகத் தோன்றுமாறு மேற்பரப்பில் வண்ணந் தீட்டுதலை வாய்மைக்கு எதிரான குற்றமாகக் கண்டித்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடொல்ஃப் லோஸ் இன்னும் ஒருபடி சென்று, அலங்காரத்தையே குற்றத்தோடு இணைத்துப் பேசினார். மூவரும் ஒரே நோக்கினர் அல்லர். எனினும், மேலே இடப்படுவதை ஐயத்தோடு நோக்குதல் மூவர்க்கும் பொதுவாகும்.

இவ்வையத்துக்கு இக்கைவினை தரும் முதல் விடை, ‘மேல்’, ‘உள்’ என்னும் பிரிவு நாம் எண்ணுமளவு தெளிவானதன்று என்பதாம். பூவை நீக்கினால் வெண்பூச்சு எஞ்சும். அதுவும் மேற்பூச்சே. அதனையும் நீக்கினால் களிமண் எஞ்சும். ஆயின், அக்களிமண் தனித்து நின்று பீங்கான் எனும் பெயரைப் பெறுவதில்லை. வெங்காயத்தை உரித்து உள்ளீடு தேடுவோன் நிலையையே நாமும் அடைவோம். மேலும், சரிவர வெந்த வண்ணம் பூச்சின்மீது வெறுமனே ஒட்டிக்கிடப்பதன்று. இரண்டும் கண்ணாடி. சூளையிலே கீழுள்ளது சற்றே இளக, மேலுள்ளது உருகி அதனைப் பற்றிக்கொள்கின்றது. வேகாத வண்ணமே விரலோடு வந்துவிடும்.

இரண்டாவது விடை, இலங்கையிற் பிறந்த கலைத் தத்துவ அறிஞர் ஆனந்த குமாரசுவாமியிடமிருந்து கிடைக்கின்றது. அவர் 1939இல் அலங்காரம் பற்றி எழுதிய கட்டுரையிலே, அணி, அலங்காரம் என்னும் கருத்தைக் குறிக்கும் சொற்கள் பலவும் தொடக்கத்தில் ‘மிகை’ என்னும் பொருளில் வழங்கவில்லை என்றும், ஒரு பொருளை அதன் பயனுக்கு ஏற்ப நிறைவாக்குதல் என்னும் பொருளிலேயே வழங்கின என்றும் காட்டினார். அலங்காரம் என்னும் வடசொல்லின் முதலுறுப்பாகிய ‘அலம்’ என்பது போதியது, நிறைவானது எனப் பொருள்படுவது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இவ்வாறு நோக்கின், விருந்தினர்க்கென அலுமாரியிலே காத்துவைக்கும் பொன்விளிம்புக் கோப்பையின் அப்பொன்கோடு வீண் மிகையன்று. ‘நீர் வந்தது எமக்கு மகிழ்ச்சி’ என்பதனைச் சொல்லும் பணியை அது செய்கின்றது. பணியுள்ள மேற்பரப்பைப் பொய் என்பது பொருந்தாது.

ஆயின், இவ்விரு விடைகளும் வழக்கை முடித்துவிடுவதில்லை. மேற்பூச்சு பொய்யாகவே இருந்தாக வேண்டும் என்பதை மட்டுமே இவை மறுக்கின்றன. அது பொய்யாகும் இடங்களும் உள்ளன என்பதை மறுக்க இவற்றால் இயலாது. கடினமான இடம் மீசனிலேயே உண்டு. சூளையிலிருந்து வெளிவரும் பாண்டங்களிற் சிலவற்றின் பூச்சிலே கரும்புள்ளியோ சிறுகுழியோ காணப்படும். மீசன் ஓவியர் அவ்விடத்திலே ஒரு சிறு பூவை, ஒரு வண்டினை, ஒரு வண்ணத்துப்பூச்சியைத் தீட்டி அக்குறையை மறைப்பதுண்டு. பாண்டத்தின் மேனியெங்கும் சிதறிக்கிடக்கும் பூக்களில் எது அழகின்பொருட்டுத் தோன்றியது, எது குறையின்பொருட்டுத் தோன்றியது என்பதை வாங்குவோர் அறியார். இப்பூ பொய்யா?

பொய் என்பார் கூறுவது எளிது: குறை இருந்தது, அது மறைக்கப்பட்டது, வாங்கியவர் அறியவில்லை, ஆகவே அது ஏமாற்று. ஆயின், இவ்வாதம் ‘குறை’ என்னும் சொல்லின் இரு பொருள்களை ஒன்றாகக் குழைத்துவிடுகின்றது. கரும்புள்ளி பாண்டத்தின் வலிமையைக் குறைக்கவில்லை. கொதிநீரைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கவில்லை. அது கண்ணுக்கு மட்டுமே குறை. கண்ணுக்கு மட்டுமே உரிய குறை, கண்ணுக்கு அழகாகிய கணத்திலே குறையாக இருத்தல் ஒழிகின்றது. பூ அக்குறையை மறைத்தது என்பதிலும் தீர்த்தது என்பதே பொருத்தம். இதற்கு மாறாக, பாண்டத்திலே ஒரு விரிசல் இருந்து, அதன்மேல் ஒரு கொடி தீட்டப்பட்டது எனக் கொள்வோம். கொடி எத்துணை அழகாயினும் விரிசல் விரிசலே. வெந்நீர் ஊற்றும் நாளில் அது வெடிக்கும். ஊற்றியவர் கை சுடும். சுருங்கக் கூறின், தோற்றத்தில் உள்ள குறைக்குத் தோற்றமே மருந்தாகலாம். இருப்பில் உள்ள குறைக்குத் தோற்றம் ஒருபோதும் மருந்தாகாது. ஒன்றுக்கு மற்றதன் மருந்தை இடுவதிலேதான் பொய் பிறக்கின்றது.

வள்ளுவர் வாய்மை பற்றிய அதிகாரத்தைத் தொடங்குமிடத்து, உள்ளதை உள்ளவாறு கூறுதலை வாய்மையின் இலக்கணமாக வைக்காமல், பிறர்க்குத் தீங்கு சிறிதும் பயவாத சொல்லையே வாய்மை என வைத்தமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. அடுத்த குறளிலே, குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கின்றார். அங்கு குற்றம் என்பதற்கு அவர் ஆளும் சொல் ‘புரை’ என்பதாகும். அச்சொல்லுக்குத் துளை, உட்குழிவு என்னும் பொருளும் உண்டு. புரையோடிய புண்ணுக்கு மேலே மருந்து பூசிப் பயனில்லை என்பதை நாம் அறிவோம். நன்மையிலே புரை இருத்தலாகாது எனக் கூறிய புலவர், பூவின் கீழே உள்ளது புள்ளியா புரையா எனப் பார் என்றே நமக்கும் கூறியிருப்பார் எனக் கொள்ளலாம்.

ஆயினும், மீசன் பூவை முற்றாக விடுதலை செய்துவிடவும் இயலாது. குறையற்ற பாண்டத்துக்குரிய விலையையே வாங்குவோர் கொடுத்தனராயின், செய்தி அறிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டிருப்பர் அல்லவா? இவ்வினா நியாயமானதே. அதே தொழிற்சாலை பிற்காலத்திலே, தரங் குறைந்த பாண்டங்களின் அடியிலுள்ள குறுக்குவாள் முத்திரையின்மேல் கீறல் இட்டு அவற்றை விற்றது. முத்திரையை வெட்டும் அக்கீறல் அழகற்றது. ஆயின், அது பேசுகின்றது: ‘இது எம்முடையதே, ஆனால் எமது முதல் தரத்தது அன்று.’ பூவும் கீறலும் ஒரே குறைக்கு அளிக்கப்பட்ட இரு விடைகள். ஒன்று கண்ணை நோக்கியது. மற்றது கணக்கை நோக்கியது. இரண்டும் ஒரே பாண்டத்திலே அமையுமாயின் அதனிலும் நேர்மையான பொருள் வேறொன்றிராது.

இதிலிருந்து ஓர் உரைகல் நமக்குக் கிடைக்கின்றது. மேற்பூச்சின் வரலாற்றை அப்பொருளைப் பெறுபவர்க்கு வெளிப்படையாகக் கூறிவிட்டால், கூறியபின்னும் அப்பொருள் தன் மதிப்போடு நிற்குமா? மீசன் கோப்பையை வைத்திருப்பவரிடம் ‘இப்பூவின் கீழே ஒரு புள்ளி உண்டு’ என்றால் அவர் பெரும்பாலும் புன்னகை செய்வார். கோப்பை அவருக்கு முன்னிலும் இனியதாகவும் கூடும். இவ்வுரைகல்லிலே தேறாத மேற்பூச்சுக்கும் வரலாற்றிலே எடுத்துக்காட்டு உண்டு. பிரான்சின் செவ்ர் தொழிற்சாலையிலே 1753 முதல், மன்னரின் எழுத்துச் சின்னத்தோடு ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் பாண்டத்தின் அடியில் இடப்பட்டது. ஓவியரும் தத்தம் அடையாளத்தை இட்டனர். 1800இல் அதன் பொறுப்பை ஏற்ற அலெக்சாந்தர் புரொஞ்ஞார், தேங்கிக்கிடந்த வண்ணந் தீட்டாத பழைய வெண்பாண்டங்களை விற்றுவிட்டார். அவற்றை வாங்கியோரிற் சிலர், 18ஆம் நூற்றாண்டின் பாணியிலே அவற்றில் வண்ணந் தீட்டி, பழைய ஆண்டெழுத்தையும் இட்டு, அரண்மனைக் காலத்துப் பண்டங்களாக விற்றனர்.

இங்கு நிகழ்ந்ததை நுணுகி நோக்குக. களிமண் உண்மையான செவ்ர். பூச்சு உண்மையான செவ்ர். வண்ணமும் உண்மையாகவே வெந்தது. தீட்டியவர் கைத்திறனிலும் குறைவில்லை. பிளேற்றோவும் றஸ்கினும் தேடிய ‘உள்’ இங்கே பழுதின்றி இருக்கின்றது. பொய் எங்கே இருக்கின்றது? காலத்தையும் கையையும் பற்றி வாங்குவோர் நெஞ்சிலே விதைக்கப்பட்ட நம்பிக்கையில் இருக்கின்றது. ‘இது சென்ற ஆண்டு தீட்டப்பட்டது’ என்னும் ஒரு வாக்கியம் போதும், விற்பனை குலைந்துவிடும். பொய் என்பது பரப்பிலும் இல்லை, ஆழத்திலும் இல்லை. ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையிலுள்ள உறவிலே அது இருக்கின்றது. அதே ஓவியர் அதே பூவை அதே கோப்பையில் தீட்டி, தம் பெயரையும் ஆண்டையும் அடியில் எழுதியிருப்பின், அது போற்றத்தக்க படைப்பாகியிருக்கும்.

இவ்வுரைகல்லைப் பயன்படுத்தும்போது ஒரு வினா எழுகின்றது. யாரிடம் கூறவேண்டும்? வாங்குவோரிடம் மட்டுமா? இவ்வண்ணங்களை எளிதில் உருகச் செய்வது ஈயம் என முன்னர்க் கண்டோம். வட ஸ்ரபோட்சயரிலே பாண்டத்தின் மேனி முழுவதையும் ஒரே நிறமாக்குவதற்கு, பூச்சின்மேல் எண்ணெய் தடவி, அது காயுமுன் வண்ணத்தூளைப் பஞ்சினால் தூவுவர். இவ்வேலையிற் பெண்கள் பெருமளவு ஈடுபட்டனர். தூவிய தூளிற் கோப்பையில் ஒட்டாதது காற்றிலே கலந்தது. காற்றிலே கலந்தது மூச்சிலே புகுந்தது. மட்பாண்டத் தொழிலில் ஈய நஞ்சூட்டத்தை ஆராயுமாறு 1898இல் பிரித்தானிய அரசு தோர்ப், ஒலிவர் என்னும் அறிஞர் இருவரைப் பணித்தது. பெரும்பகுதிப் பாண்டங்களை ஈயமின்றியே செய்யலாம் என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். தீமை தொழிலாளரோடு நிற்பதுமன்று. சரிவர வேகாத ஈய வண்ணத்திலிருந்து புளியும் எலுமிச்சையும் வினாகிரியும் ஈயத்தைக் கரைத்தெடுக்கும். இன்று உணவுப் பாண்டங்களை 4 வீத அசற்றிக்கமிலத்தோடு 24 மணிநேரம் வைத்துச் சோதிப்பது இதனாலேயே.

வாங்கியவரிடம் ‘இந்நிறம் ஒரு பெண்ணின் உடல்நலத்தைக் கொண்டது’ எனக் கூறியிருப்பினும், அவர் வாங்கியிருக்கக் கூடும். தூள் தூவிய பெண்ணும் ஆபத்தைச் சிறிதேனும் அறிந்தே இருந்திருக்கலாம். ஆயின், வேறு தொழில் இல்லாதவருக்கு அறிவினால் மட்டும் விடுதலை இல்லை. எனவே, நம் உரைகல்லை விரிவாக்க வேண்டும். மேற்பூச்சினால் தொடப்படும் அனைவர்க்கும் அது கூறப்படல் வேண்டும். கேட்டவர் ‘வேண்டாம்’ எனக் கூறும் நிலையிலும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறாதவிடத்து, வண்ணம் எத்துணை தூயதாயினும் அதன் கீழே புரை உண்டு.

பீங்கானிலிருந்து மனிதரிடம் வருவோம். கான்ற் 1797இல் எழுதிய கட்டுரை ஒன்றிலே, கொலைஞனிடமிருந்து நண்பனைக் காப்பதற்காகவும் பொய்யுரைத்தல் ஆகாது என வாதித்தார். வாய்மையில் அத்துணை கடுமை காட்டியவரே அடுத்த ஆண்டில் வெளியிட்ட மானிடவியல் நூலிலே, நாகரிக மாந்தர் அன்பும் பணிவும் உள்ளவராக நடித்தல் எவரையும் ஏமாற்றுவதில்லை என்றும், அந்நடிப்பினூடாகவே அப்பண்புகள் மெல்ல மெல்ல மெய்யாகி வளர்கின்றன என்றும் ஏற்றுக்கொண்டார். மேற்பூச்சு வெந்து உடலோடு பற்றிக்கொள்ளும் நிகழ்ச்சியை ஒத்தது இது. மூத்தோர் முன் எழுந்து நிற்கப் பழகும் பிள்ளை முதலிற் செய்வது வெறும் சடங்கு. ஆண்டுகளின் சூட்டிலே அது மதிப்பாகக் கனிகின்றது. மரணவீட்டிலே நாம் கூறும் வழக்கமான சொற்களும் அத்தகையனவே. அவற்றைக் கேட்பவர் அவற்றின் இயல்பை அறிவார். அறிந்தும் ஆறுதல் பெறுகின்றார். உரைகல்லிலே அவை தேறுகின்றன.

தேறாதவையும் நம்மிடையே உள. மாணவர் ஒருவரது கட்டுரையிலே சிந்தனை பிளவுண்டு கிடக்க, அவர் மனம் நோகலாகாது என்று ‘நன்று’ என எழுதிக் கொடுக்கும் ஆசிரியர், விரிசலின்மேல் பூத் தீட்டுகின்றார். வெந்நீர் பின்னொரு நாள் ஊற்றப்படும். அன்று அருகில் ஆசிரியர் இரார். அதே ஆசிரியர், எழுத்துப் பிழைகள் மலிந்தும் கருத்துத் தெளிவுடைய கட்டுரை ஒன்றினைத் திருத்திப் படியெழுதச் செய்தால், அது புள்ளியின்மேல் இட்ட பூவாகும். இருவேறு செயல்களும் பரிவிலிருந்தே பிறக்கின்றன. ஆயினும், முன்னது பரிவின் பெயரால் ஒருவரிடமிருந்து அவரது உண்மை நிலையைப் பறித்துவிடுகின்றது. மாணவரும் இதற்கு விலக்கானவர் அல்லர். விளங்காத கலைச்சொற்களால் விளங்காமையை மூடுதல், நம் பல்கலைக்கழகங்களிலே மிக மலிவாகக் கிடைக்கும் வண்ணமாகும்.

ஆகவே, ‘இது வெறும் மேற்பூச்சு’ எனக் கூறி ஒன்றை ஒதுக்கிவிடுதல் தீர்ப்பாகாது. அது விசாரணையின் தொடக்கமே. அப்பூச்சு வெந்ததா, விரலோடு வருவதா? அதன் கீழிருப்பது புள்ளியா, விரிசலா? அதனைத் தீட்டியவரும் விற்பவரும் ஏந்துபவரும் அதன் வரலாற்றை அறிந்து உடன்படுவரா? இவ்வினாக்களுக்கு நேர்மையான விடை கிடைக்குமாயின், பூவைப் பூவென்றே கொண்டு மகிழ்வதில் தவறில்லை. கிடைக்காதாயின், அலுமாரியிலே எத்துணை அழகாக வீற்றிருப்பினும், அக்கோப்பையில் நாம் விருந்தினர்க்கு நீர் வார்த்தல் ஆகாது.